சிலிண்டர் டீஆக்டிவேஷன் கோடு பி3425: பிளேட்டை மாத்தினேன், கடைசியில வயர்தான் போயிருந்துச்சு

மூணு வாரமா செக் இன்ஜின் லைட் வரல. நேத்தோட 640 கிலோமீட்டர் ஓட்டியாச்சு, ஸ்கேனர் போட்டு பார்த்தா பென்டிங் கோடுகூட (இன்னும் உறுதியாகாம நிக்கிற பிழை நம்பர்) இல்ல, அதனால இப்ப தைரியமா எழுதலாம்னு உக்காந்துட்டேன். இந்த ஒரு கோடுக்காக அஞ்சு வார லீவு நாள் போச்சு, அதுல மூணு வாரம் முழுக்க தப்பான பக்கம் தோண்டினது. யாராவது இதே கோடை வெச்சுக்கிட்டு இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்கு காத்தை பிரிச்சு விடுற பாகம்) கழட்ட ஸ்பேனர் எடுக்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை படிச்சா போதும்.

வண்டி பழைய வி8, பெட்ரோல். ஹைவேல லேசா ஓடும்போது 1, 4, 6, 7 நாலு சிலிண்டரையும் நிறுத்திட்டு மிச்ச நாலுல ஓடுற டைப். எப்படி நிக்குதுன்னு சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி இது தேவைப்படும். கேம் தள்ளுற தள்ளை வால்வுக்கு கடத்துற லிஃப்டருக்குள்ள ஸ்பிரிங் வெச்ச சின்ன பின் இருக்கும், சோலினாய்டு (கரன்ட்ல வேலை செய்யுற சின்ன ஆயில் வால்வு) திறந்தா ஆயில் பிரஷர் அந்த பின்னை உள்ள தள்ளிடும், லிஃப்டர் தனக்குள்ளேயே அமுங்கி எழும், கேம் சுத்தினாலும் வால்வு திறக்காது. இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டுமே மூடியே இருக்கும், உள்ள மாட்டின காத்து ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரிஞ்சுக்கிட்டே இருக்கும். பெட்ரோலையும் ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) நிறுத்திடும். அவ்வளவுதான்.

நாலு சோலினாய்டும் ஒரே பிளேட்ல, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில, ரெண்டு பேங்குக்கும் (ரெண்டு பக்க சிலிண்டர் வரிசை) நடுவுல இருக்குற பள்ளத்துல உக்காந்திருக்கு. இன்ஜின் பின்பக்கமா ஒரே ஒரு 5 பின் கனெக்டர் வெளிய வருது: ஒண்ணு நாலுக்கும் பொதுவான 12 வோல்ட் சப்ளை, மிச்ச நாலும் ஈசியுக்கு போற கன்ட்ரோல் வயர். ஈசியு எதை எர்த் பண்ணுதோ அந்த சோலினாய்டு வேலை செய்யும்.

முதல் நாள் லைட் வந்தப்ப வண்டி ஓட்டத்துல எந்த வித்தியாசமும் இல்ல. ஜெர்க் இல்ல, மிஸ்ஸிங் இல்ல. ஸ்கேனர்ல பி3425. நாலாவது சிலிண்டர் டீஆக்டிவேஷன் கன்ட்ரோல் சர்க்யூட் ஓப்பன். ஃப்ரீஸ் ஃப்ரேம்ல (கோடு விழுந்த நேரத்துல பதிவான அளவுகள்) கூலன்ட் 93 டிகிரி, ஸ்பீடு 82, 1700 ஆர்பிஎம், லோடு 22 சதவீதம். அழிச்சேன். ரெண்டு நாள் ஊருக்குள்ள ஓட்டினப்ப வரல, மூணாவது நாள் ஹைவேல நாப்பது நிமிஷம் போனதும் திரும்ப வந்துருச்சு, ஃப்ரீஸ் ஃப்ரேம் கிட்டத்தட்ட அதே நம்பர். கோடு வந்ததும் ஈசியு மொத்த சிஸ்டத்தையும் ஆஃப் பண்ணிட்டு எட்டு சிலிண்டர்லயே ஓட்டிடுது, அதனாலதான் ஓட்டும்போது ஒண்ணும் தெரியல, மைலேஜ் மட்டும் கொஞ்சம் குறைஞ்சுது.

இங்கதான் முதல் தப்பு. சிலிண்டர் டீஆக்டிவேஷன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் ஆயில் ஆயில்னுதான் சொல்வாங்க, அதுவும் பொய்யில்ல, தப்பான கிரேடு ஊத்தினாலும் ஆயில் குறைஞ்சாலும் இந்த சிஸ்டம் தகராறு பண்ணும். நானும் போன தடவை ஊத்தின ஆயில் மேல சந்தேகப்பட்டு, மேனுவல்ல போட்டிருக்குற 5டபிள்யூ-20 வாங்கி ஃபில்டரோட மாத்தினேன். ஒரு பகல் போச்சு. கோடு திரும்ப வந்துச்சு.

கொஞ்சம் நின்னு யோசிச்சிருந்தா அந்த ஆயிலே வாங்கியிருக்க மாட்டேன். பி3425ங்கிறது சர்க்யூட் கோடு. ஆயில் பிரஷர் பத்தாம நாலாவது சிலிண்டர் சரியா நிக்கலைன்னா அது பி3426, அதாவது பெர்ஃபார்மன்ஸ் கோடு. 27ன்னா சர்க்யூட் லோ, 28ன்னா சர்க்யூட் ஹை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதே வரிசைதான்: ஒண்ணாவதுக்கு பி3401ல ஆரம்பிக்கும், ஆறாவதுக்கு பி3441, ஏழாவதுக்கு பி3449. சர்க்யூட் கோடு போடுறப்ப ஈசியு ஆயிலையோ லிஃப்டரையோ பார்க்குறதே இல்ல, தன்னோட பின்ல இருக்குற வோல்டேஜை மட்டும்தான் பார்க்குது. சோலினாய்டு ஆஃப்ல இருக்கும்போது காயில் வழியா 12 வோல்ட் அந்த பின் வரைக்கும் வந்து நிக்கணும், ஆன் பண்ணா கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கணும். இது நடக்கலைன்னா கோடு. ஆயில் கலர் என்னவா இருந்தா அதுக்கு என்ன.

அடுத்த வாரம் மல்டிமீட்டர் எடுத்தேன். 5 பின் கனெக்டர் மேனிஃபோல்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவுல இருக்கு, கை போறதுக்கே கஷ்டம், வைப்பர் கீழ இருக்குற பிளாஸ்டிக் கவரை எடுத்துட்டு பானெட் மேல படுத்துக்கிட்டுதான் லாக்கை அமுக்கி பிரிச்சேன். சப்ளை பின்ல சாவி போட்டதும் 12.4 வோல்ட் வந்துச்சு. அதை பார்க்க வேண்டிய அவசியமே இல்லதான், சப்ளையோ ஃபியூஸோ போயிருந்தா நாலு சிலிண்டருக்கும் சேர்ந்து கோடு வந்திருக்கும், ஒண்ணுக்கு மட்டும் வராது. அப்புறம் காயில் ரெசிஸ்டன்ஸ். இன்ஜின் ஆறி இருந்தப்ப, வெளிய 25 டிகிரி இருக்கும்:

ஒண்ணாவது 12.0 ஓம், நாலாவது 12.1, ஆறாவது 12.2, ஏழாவது 12.0.

நாலும் ஒரே மாதிரி. ஆனா கோடு சூட்டுலதான வருது, சூட்டுலயும் பார்த்துடலாம்னு நாப்பது நிமிஷம் ஓட்டிட்டு வந்து, கை சுடச்சுட கனெக்டரை பிரிச்சு நாலாவதை மட்டும் பார்த்தேன். 15.2 ஓம். 12ல இருந்தது 15க்கு போயிருச்சு, காயில் சூட்டுல விட்டுப்போகுதுன்னு அந்த இடத்துலயே முடிவு பண்ணிட்டேன். மிச்ச மூணையும் பார்க்கல. கனெக்டரோட சூடு, கை வைக்க முடியல, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நான் தேடிக்கிட்டிருந்த பதில் கிடைச்சாச்சுன்னு நினைச்சதுதான்.

அந்த 15.2ஐ நம்பி சோலினாய்டு பிளேட்டை ஆர்டர் பண்ணேன். இந்த வேலைல போன காசுல பத்துல ஒன்பது பங்கு இந்த பிளேட்டுக்குத்தான். தனி சோலினாய்டு கிடையாது, நாலும் சேர்ந்துதான் வரும், காஸ்கெட்டும் கூடவே வாங்கணும்.

மேனிஃபோல்ட் கழட்டுனதை ரொம்ப இழுக்க விரும்பல, ஒண்ணரை நாள் ஆச்சு. ஃபியூயல் பிரஷரை இறக்கிட்டு ரெயிலை தூக்கினேன், த்ராட்டில் பாடி கனெக்டர், பத்து போல்ட், பின்னாடி இருக்குற ரெண்டு போல்டுக்கு நீள எக்ஸ்டென்ஷன் கண்டிப்பா வேணும். மேனிஃபோல்டை எடுத்ததும் இன்டேக் ஓட்டைகள்ல துணி திணிச்சுடுங்க, ஒரு சின்ன போல்ட் உள்ள விழுந்தா கதையே மாறிடும். பிளேட்டுக்கு அடியில ஆயில் வழி முழுக்க சுத்தமா இருந்துச்சு, சின்ன வலை ஃபில்டர்லகூட ஒரு துகள் இல்ல, ஆயில் மேல எனக்கு இருந்த மிச்ச சந்தேகமும் அங்க போச்சு. திருப்பி மாட்டும்போது போல்டை நடுவுல இருந்து வெளிய போற வரிசைல ரெண்டு சுத்தா டைட் பண்ணேன், கடைசி டார்க் 12 நியூட்டன் மீட்டர், பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்கு அதுக்கு மேல போகக்கூடாது. முதல் தடவை ஒரு காஸ்கெட் பள்ளத்தை விட்டு நழுவிருச்சு போல, ஐடில் ஏறி ஏறி இறங்குச்சு, மறுபடியும் தூக்கி மாட்ட வேண்டியதாச்சு.

புது பிளேட்டோட ஹைவே. நாப்பத்தஞ்சாவது நிமிஷம் அதே மஞ்ச லைட், அதே பி3425. ஓரமா நிறுத்திட்டு கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவுக்கு போன் பண்ணேன். அவர் மோட்டார் காயில் கட்டுற வேலை பல வருஷமா பார்த்தவர், கார் பக்கம் வர மாட்டார். நான் நம்பர் எல்லாத்தையும் சொல்லி முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சூட்டுல மத்த மூணையும் பார்த்தியாடா?" இல்ல சித்தப்பான்னேன். "காப்பர் சூடானா ஓம் ஏறத்தானடா செய்யும். ஒரு டிகிரிக்கு நூத்துக்கு 0.39 வெச்சு கணக்கு போட்டு பாரு, அப்புறம் பேசு."

போட்டேன். 25 டிகிரில 12.1 இருந்தா 90 டிகிரிக்கு 65 டிகிரி ஏத்தம், 65 தடவை 0.39 சதவீதம்னா சுமார் 25 சதவீதம், 12.1ல கால் பங்கு கூட்டினா 15.1 சில்லறை. நான் பார்த்தது 15.2. அதாவது அந்த பழைய காயில் எப்படி இருக்கணுமோ அப்படியே இருந்திருக்கு. அன்னைக்கு ராத்திரியே புது பிளேட்டையும் சூட்டுல பார்த்தேன், நாலும் 15.1ல இருந்து 15.4க்குள்ள. ஒரு நல்ல பொருளை கழட்டி வெச்சுட்டு இன்னொரு நல்ல பொருளை மாட்டியிருக்கேன். மிச்ச மூணு பின்லயும் மீட்டரை வெச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

அடுத்து ஈசியு மேல சந்தேகம். காயில் நல்லா இருக்கு, கோடு வருது, அப்ப உள்ள சோலினாய்டை ஆன் ஆஃப் பண்ற டிரைவர் டிரான்சிஸ்டர் போயிருச்சோன்னு. நல்லவேளையா இந்த தடவை வாங்குறதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணேன். கமாண்ட் குடுக்குற வசதி உள்ள ஸ்கேனர் ஒண்ணு ரெண்டு நாளைக்கு இரவல் கிடைச்சுது. இன்ஜின் ஆஃப், சாவி ஆன், ஒவ்வொரு சோலினாய்டா ஆன் ஆஃப் பண்ணி காது வெச்சு கேட்டா டக், டக். நாலாவதும் டக். இருபது தடவை அடிச்சேன், இருபது தடவையும் டக். சின்ன கையடக்க ஸ்கோப்பையும் (வோல்டேஜை வரைபடமா காட்டுற கருவி) ஈசியு பக்கம் நாலாவது வயர்ல பின்னாடி இருந்து மெல்லிசு ஊசி வெச்சு மாட்டினேன்: ஆஃப்ல 12 வோல்ட், ஆன்ல பூஜ்யத்துக்கு பக்கத்துல, திரும்ப ஆஃப் ஆகும்போது காயில் உதைக்கிற உதை 50 வோல்டுக்கு மேல ஊசி மாதிரி எழும்பி இறங்குச்சு. அந்த ஊசி மட்டும் மத்த மூணை விட ஒரு சுண்டு விரல் உயரம் கம்மியா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா இன்ஜின் ஆறி இருக்கும்போது டிரைவர் நல்லாத்தான் வேலை செய்யுது, அதை வெச்சு ஈசியுவை விட்டுட்டேன்.

காயில் இல்ல, ஈசியு இல்ல, மிச்சம் நடுவுல இருக்குற வயர். இன்னொரு தடயமும் அப்பதான் உறைச்சுது. கன்ட்ரோல் வயர் எங்கயாவது உரசி எர்த் ஆகியிருந்தா, ஈசியு சொல்லாமலேயே நாலாவது சோலினாய்டு ஆன் ஆகும், வால்வு மூடிக்கும், ஆனா பெட்ரோல் போய்க்கிட்டே இருக்கும், கண்டிப்பா மிஸ்ஃபயர் வந்து அதுக்கான பி0304 கோடு விழுந்திருக்கும். அது ஒரு தடவைகூட வரல. அப்ப ஷார்ட் இல்ல, அறுந்து போறதுதான். கோடும் முதல் நாள்ல இருந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கு.

கனெக்டர்ல நாலாவது வயரையும் ஆறாவது வயரையும் மாத்தி போட்டு ஓட்டிப்பாரு, கோடு எந்தப்பக்கம் போகுதுன்னு தெரியும்னு ஒருத்தர் சொன்னார். நான் செய்யல, நீங்களும் செய்யாதீங்க. ஈசியு நாலாவதை நிறுத்துறதா நினைச்சு நாலாவதுல பெட்ரோலை கட் பண்ணும், வால்வு மூடுறது ஆறாவதுல. நாலு சிலிண்டரும் ஒண்ணா நிக்கிற நேரத்துல வித்தியாசம் பெருசா தெரியாம போகலாம், ஆனா ஒவ்வொண்ணா நிறுத்தி திறக்கிற அந்த மாறுற நேரம் இருக்கே, அங்க வால்வும் இன்ஜெக்டரும் தப்பான வரிசைல வரும்.

சரி, வயர். பேட்டரி நெகட்டிவை கழட்டிட்டு ஈசியு கனெக்டரையும் 5 பின் கனெக்டரையும் பிரிச்சேன். முதல்ல ஓம் மோடுல ஒரு முனைல இருந்து மறு முனை: மத்த மூணும் 0.2, அது மீட்டர் வயரோட ஓமே அவ்வளவுதான். நாலாவது 0.6. அந்த 0.4ஐ பார்த்துட்டு முதல்ல தள்ளிவிடத்தான் தோணுச்சு, 12 ஓம் காயில் முன்னாடி 0.4 என்ன பண்ணிடப்போகுதுன்னு. ஆனா ஓம் மோடுல மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர் கணக்குல ஒரு துளி கரன்ட். சோலினாய்டு இழுக்கிறது கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர். பச்சை பூத்த காப்பர் இந்த துளிக்கு வழி விடும், அந்த ஒரு ஆம்பியருக்கு விடாது.

அதனால லோடு குடுத்து பார்த்தேன். இதுக்கு தேவைப்பட்டது ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, ஒரு ஹோல்டர், ரெண்டு அலிகேட்டர் கிளிப், நடுவுல ஒரு 3 ஆம்பியர் ஃபியூஸ், தனியா ஒரு 12 வோல்ட் பேட்டரி. பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஃபியூஸ், பல்பு, அங்கிருந்து ஈசியு பக்கம் இருக்குற வயர் முனை, மறு முனை 5 பின் கனெக்டர்ல இருந்து பேட்டரி நெகட்டிவ். அதாவது பல்பு எரியணும்னா கரன்ட் அந்த ஒரு வயர் வழியாத்தான் போய் வரணும். ரெண்டு கனெக்டரும் கட்டாயம் பிரிச்சிருக்கணும், ஈசியு மாட்டியிருக்கும்போது இந்த பல்பை கொண்டு போகாதீங்க. கனெக்டர் பின்னுக்குள்ள மீட்டர் குச்சியையும் குத்தாதீங்க, பெண் பின் வாய் விரிஞ்சு புதுசா ஒரு லூஸ் கான்டாக்ட் வந்துடும், அந்த அளவுக்கு சரியான ஆண் பின் ஒண்ணை வயர்ல கிரிம்ப் பண்ணி வெச்சுக்கங்க. நான் பழைய பிளேட்டோட கனெக்டர்ல இருந்து ரெண்டு பின்னை வெட்டி எடுத்துக்கிட்டேன்.

பல்பு எரியும்போது வயரோட ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்டேஜ் பார்த்தேன். ஒண்ணாவது 0.09, ஆறாவது 0.10, ஏழாவது 0.09 வோல்ட். நாலாவது 1.3 வோல்ட்.

அந்த நம்பரை பார்த்ததும் கை லேசா நடுங்குச்சு, உண்மையாவே. ஒரு மாசமா தேடுனது அந்த சின்ன டிஸ்ப்ளேல நிக்குது. கண்ணால பல்பை மட்டும் பார்த்தா கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான், நாலையும் வரிசையா எரிய விட்டு பார்க்கலைன்னா மங்கல்னுகூட சொல்ல மாட்டோம்.

எந்த இடம்னு இன்னும் தெரியணும். தங்கச்சியை கூப்பிட்டு பல்பு பக்கத்துல உக்கார வெச்சேன், நான் ஹார்னஸை (வயர் கட்டு) ஈசியு பக்கத்துல இருந்து ஒரு சாண் ஒரு சாணா பிடிச்சு லேசா வளைச்சுக்கிட்டே வந்தேன். ஃபயர்வால் ஓரம் ஒண்ணும் இல்ல. அங்கிருந்து ஹார்னஸ் இன்ஜினுக்கு பின்னாடி இறங்கி, இன்ஜின் தூக்குறதுக்கு ஹெட்ல மாட்டியிருக்குற இரும்பு பிராக்கெட்டை உரசிக்கிட்டு போகுது. அந்த இடத்துல ஹேர் டிரையர் மாதிரி இருக்குற ஹீட் கன்னை கம்மி சூட்டுல ஒரு நிமிஷம் காட்டிட்டு கீழ் பக்கமா வளைச்சேன்.

"அணைஞ்சிருச்சுண்ணா."

விட்டேன். "எரியுது." வளைச்சேன். "போச்சு." நாலஞ்சு தடவை. அவளுக்கும் உற்சாகம் தாங்கல, பாதி வளைக்கும்போதே சொல்ல ஆரம்பிச்சுட்டா.

டேப்பை பிரிச்சு நெளிவு குழாயை திறந்தேன். குழாயோட பிளவு சரியா பிராக்கெட் விளிம்பு பக்கம் திரும்பியிருந்துச்சு, இன்ஜின் ஆடி ஆடி அந்த விளிம்பு உள்ள போய் பிரவுன் நிறத்துல வெள்ளை கோடு போட்ட வயர்ல தோலை உரிச்சிருக்கு, அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். அதுவழியா தண்ணி போய் உள்ள காப்பர் முழுக்க பச்சை. வெளிய தெரியுற கீறல் அரிசி அளவு, ஆனா தோலை சீவிக்கிட்டே போனா ரெண்டு பக்கமும் மூணு மூணு சென்டிமீட்டர் வரைக்கும் காப்பர் கறுத்து கிடக்கு. லேசா இழுத்ததும் மாவு மாதிரி உதிர்ந்து ரெண்டா வந்துருச்சு. ஆறின நிலைல அந்த நுனிங்க ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. ஹைவேல நாப்பது நிமிஷத்துல அந்த மூலை நல்லா சூடாகி பிளாஸ்டிக் தோல் இளகி நீண்டதும் விலகியிருக்கு. பிராக்கெட்டோட வெறும் இரும்புல காப்பர் படாம இருந்தது பெரிய விஷயம், பட்டிருந்தா மேல சொன்ன பி0304 கதை.

ரிப்பேர்னு பார்த்தா முக்கால் மணி நேர வேலை. பளபளன்னு சிவப்பு காப்பர் வர்ற வரைக்கும் ரெண்டு பக்கமும் வெட்டினேன், மொத்தம் 9 சென்டிமீட்டர் போச்சு. 0.75 சதுர மில்லிமீட்டர், சூடு தாங்குற இன்சுலேஷன் உள்ள வயர் 14 சென்டிமீட்டர், கொஞ்சம் வளைவுக்கு இடம் விட்டு. ரெண்டு ஜாயின்ட்டும் பக்கத்துல பக்கத்துல வராம 5 சென்டிமீட்டர் தள்ளி தள்ளி வெச்சேன். சாலிடர் பண்ணல, ஆடுற இடத்துல சாலிடர் முடியுற விளிம்புல வயர் ஒடியும், வெறும் காப்பர் பட் கனெக்டரை நல்ல கிரிம்பிங் டூல்ல அமுக்கி, மேல உள்பக்கம் பசை இருக்குற ஹீட் ஷ்ரிங்க். சூடு காட்டினதும் ரெண்டு ஓரத்துலயும் பசை ஒரு வளையமா பிதுங்கி வரணும், அப்பதான் தண்ணி போகாது. கிரிம்பிங் டூல் மட்டும் சும்மா பிளையரை வெச்சு ஒப்பேத்தாதீங்க. அமுக்கினதுக்கு அப்புறம் ரெண்டு பக்கமும் பலமா இழுத்து பார்த்தேன், அசையல.

அப்புறம் மேல துணி டேப், புது நெளிவு குழாய், பிளவை பிராக்கெட்டுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, ரப்பர் வெச்ச கிளாம்ப் ஒண்ணை பக்கத்து போல்டுல மாட்டி ஹார்னஸை பிராக்கெட்டுல இருந்து ரெண்டு விரல் தள்ளி நிறுத்தினேன். பிராக்கெட் விளிம்பை அரத்தால மழுக்கிட்டேன். திரும்ப பல்பு டெஸ்ட்: 0.10 வோல்ட். ஹீட் கன், வளைப்பு, தங்கச்சி, எல்லாம் திரும்ப. அணையல.

கோடை அழிச்சுட்டு அதே ஹைவே. ஸ்கேனர்ல லைவ் டேட்டா ஓட விட்டிருந்தேன், 78 கிலோமீட்டர் வேகத்துல காலை லேசா தளர்த்தினதும் நாலு சிலிண்டர்னு மாறுச்சு, எக்ஸாஸ்ட் சத்தம் கொஞ்சம் கனமா, அடித்தொண்டைல பேசுற மாதிரி. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஓட்டினேன். அடுத்தடுத்த நாளும். கோடை அழிக்காம விட்டா, மூணு டிரைவ் சைக்கிள் தொடர்ந்து சரியா இருந்தாத்தான் லைட் தானா அணையும், மெமரில இருந்து கோடு போக 40 வார்ம்-அப் சைக்கிள் (ஆறின இன்ஜின் முழுசா சூடாகுற தடவை) ஆகும், இது ஓபிடி 2 (வண்டி தன்னைத்தானே செக் பண்ணிக்கிற பொது முறை) உள்ள எல்லா வண்டிக்கும் பொருந்தும். நான் அழிச்சுட்டு பார்த்ததால பென்டிங்ல வருதான்னுதான் தினமும் செக் பண்ணேன்.

செலவு கணக்கை பார்த்தா வயர், ரெண்டு கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க், டேப், கிளாம்ப், பல்பு எல்லாம் சேர்த்து, தேவையில்லாம மாத்தின அந்த ஆயில் ஃபில்டர் விலைகூட வராது. அடுத்த தடவை ஏதாவது சோலினாய்டு சர்க்யூட் கோடு வந்தா நான் போற வரிசை மாறும்: முதல்ல ஈசியு கனெக்டர்ல நின்னு அளப்பேன், சோலினாய்டு பக்கத்துல இல்ல. அங்கிருந்து பார்த்தா வயரும் காயிலும் சேர்ந்து ஒரே அளவுல வந்துடும், மத்த மூணோட ஒப்பிட்டா வித்தியாசம் உடனே தெரியும். சூட்டுல பார்த்தா நாலையும் சூட்டுல பார்ப்பேன். அப்புறம் பல்பு. ஹார்னஸை கையால தடவி பார்க்குறதுக்கு ஒரு பகல் முழுக்க ஒதுக்குவேன். மேனிஃபோல்டை தொடுறது இது எல்லாம் முடிஞ்சப்புறம்தான்.

இந்த சிஸ்டத்தை கழட்டி எறிஞ்சுட்டு எப்பவும் எட்டு சிலிண்டர்ல ஓட்டுன்னு நிறைய பேர் சொல்றாங்க. 1981லயே காடிலாக் வி8-6-4 வந்தப்ப சோலினாய்டு ராக்கர் ஆர்ம் மேலயே உக்காந்திருந்துச்சு, அப்பவும் நிறைய பேர் ஒயரை பிடுங்கிவிட்டுத்தான் ஓட்டினாங்க. எனக்கு அதுல மனசு ஒப்பல. என் வண்டில சிஸ்டத்துல எந்த கோளாறும் இல்ல, ஒரு விளிம்பும் ஒரு வயரும் உரசினதுதான்.

பழைய பிளேட்டை ஆயில் தடவி கவர்ல போட்டு, மேல 12.0, 12.1, 12.2, 12.0ன்னு நாலு ஓமையும் தேதியோட எழுதி வெச்சிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை டார்ச் அடிச்சு இன்னொரு பக்கத்து ஹெட்ல இருக்குற அதே மாதிரி பிராக்கெட்டையும் போய் பார்த்தேன். அங்க ஆக்சிஜன் சென்சார் ஹார்னஸ் போகுது, குழாய் மேல கோடு கோடா தேய்ஞ்சிருக்கு, உள்ள வயர் தோல் இன்னும் கிழியல. அதுக்கும் ஒரு ரப்பர் கிளாம்ப் போட்டாச்சு.